பெயரைக் கடைசியில் படி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். தங்க முலாம் பூசிய லென்ஸ், முகப்பில் 'லைட்ஸ் எல்மார்', கேமராவின் தலையில் 1936 பெர்லின் ஒலிம்பிக் முத்திரை. விற்பவர் "ரேர் பீஸ்" என்று சொல்லாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். சோவியத் ஃபெட், ஸோர்க்கி கேமராக்களின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு லைக்கா என்று பொறித்து விற்பது பழைய தொழில். அதில் இருப்பது அநேகமாக இண்டஸ்டார்-22. நான் சொன்னதற்காக நம்பாதே. நீயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பெயர் வளையத்தை ஒரு பட்டறைக்காரர் அரை நாளில் மாற்றிவிடுவார். உள்ளிருக்கும் கண்ணாடி அமைப்பை மாற்ற அவரால் ஆகாது. எல்மாரும் இண்டஸ்டாரும் வெளிப்பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. இரண்டும் 50 மி.மீ., எஃப்/3.5, இரண்டும் உள்ளே தள்ளி மடக்குகிறவை, இரண்டிலும் நான்கு கண்ணாடிகள், அவற்றில் கடைசி இரண்டு ஒட்டியவை. வித்தியாசம் அபெர்ச்சரில் இருக்கிறது. மாக்ஸ் பெரெக் வடிவமைத்த எல்மாரில் முதல் கண்ணாடிக்கு அடுத்தே பிளேடுகள் வந்துவிடும். இண்டஸ்டார், ஸைஸ் டெஸ்ஸாரின் வழியில் வந்தது. அதில் இரண்டாவது கண்ணாடிக்குப் பின்னால்தான் பிளேடுகள்.

அபெர்ச்சரை முழுக்கச் சுருக்கிவிட்டு, ஒரு சின்ன டார்ச்சை முன்பக்கம் சாய்த்துப் பிடி. பிளேடுகளுக்கு முன்னால் எத்தனை ஒளிப்புள்ளிகள் தெரிகின்றன என்று எண்ணு. ஒரு கண்ணாடிக்கு இரண்டு பரப்பு. ஆக எல்மாரில் இரண்டு, இண்டஸ்டாரில் நான்கு. சில புள்ளிகள் மங்கலாக இருக்கும். டார்ச்சை லேசாக ஆட்டினால் ஒவ்வொன்றும் தனியாக நகர்ந்து காட்டிக்கொடுக்கும்.

'கேமராவில் கச்சிதமாகப் பொருந்துகிறதே' என்று எழுதியிருக்கிறாய். அது சாட்சி ஆகாது. லைக்காவின் 39 மி.மீ. திருகு மரையில், அதைத் தயாரித்த லைட்ஸ் மட்டுமா லென்ஸ் செய்தது? கேனன், நிக்கான், சோவியத் தொழிற்சாலைகள் எல்லாமே செய்தன. 1954-இல் லைக்கா எம்3 பயோனெட் மவுண்ட்டோடு வந்த பிறகும் பிறர் அந்த மரையை விட்டுவிடவில்லை.

இதற்காகச் சோவியத் லென்ஸ்களை மட்டமாக நினைக்காதே. லுட்விக் பெர்ட்டெலே 1930-களில் கான்டாக்ஸ் கேமராவுக்காக வடிவமைத்த ஸோனாரின் வாரிசுதான் ஜூப்பிட்டர்-8. போருக்குப் பிறகு ஸைஸின் அறிவும் கருவிகளும் சோவியத் கைக்குப் போனதில் பிறந்தது. லைக்காவில் மாட்டி, பக்கத்தில் நிற்பவரை முழு அபெர்ச்சரில் எடுத்தால் சிலவற்றில் ஃபோகஸ் தப்பும். அதைச் சோதித்துத்தான் வாங்க வேண்டும். வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த ஆண்டு. ஜூப்பிட்டர் என்ற பெயரிலேயே வந்தால் கொடுக்கிற காசுக்கு அதைப்போல இன்னொன்று இல்லை என்பேன். ஆனால் திருகு மரையில் 'ஸைஸ் ஸோனார்' என்று வந்தால் கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள். அசல் உண்டு, மிகக் குறைவு.

நிக்கான் விஷயத்தில் பெயரே பாதி வேலையைச் செய்துவிடும். நிக்கோர்-எச்·சி என்றால் ஆறு கண்ணாடி, கோட்டிங் உள்ளது. எஸ் என்றால் ஏழு, பி என்றால் ஐந்து, க்யூ என்றால் நான்கு. 1950-இல் லைஃப் பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இவற்றைப் பார்த்து அசந்து, கொரியப் போருக்கே எடுத்துப் போனார். அதன் பிறகுதான் உலகம் ஜப்பான் லென்ஸைத் திரும்பிப் பார்த்தது. ஒரு எச்சரிக்கை: நிக்கான் எஸ் மவுண்ட் லென்ஸ் கான்டாக்ஸில் மாட்டும். வைட் ஆங்கிள் என்றால் பரவாயில்லை, டெலி என்றால் ஃபோகஸ் நிற்காது.

இனி விலை. வெளியே பளபளப்பு எனக்கு இரண்டாம்பட்சம். பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, முன்பக்கமிருந்து பார். 1933-இல் வந்த லைட்ஸ் ஸம்மாரின் முன்கண்ணாடி மிருதுவானது. சட்டை நுனியால் துடைத்துத் துடைத்தே பலவற்றில் முகம் முழுக்க மெல்லிய கீறல். வெயிலுக்கு எதிரே எடுத்தால் படம் வெளுத்துப்போகும். கீறாத ஸம்மார் கிடைத்தால் கூடுதலாகக் கொடுக்கலாம், தப்பில்லை. கேனன் 50 மி.மீ. எஃப்/1.8, எஃப்/1.2 இரண்டிலும் அபெர்ச்சருக்குப் பின்னால் உள்ள கண்ணாடியில் ஹேஸ் என்ற மங்கல் படலம் படிகிறதா பார். ஆரம்பத்தில் துடைத்தால் போகும். விட்டுவைத்தால் கண்ணாடியையே அரித்துவிடும், பிறகு சர்வீஸ்காரர் எதுவும் செய்ய முடியாது. ஃபங்கஸும் அப்படித்தான். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அதற்கு விருந்து, ஆகவே வாங்குவதற்கு முன் டிரை பாக்ஸுக்குப் பணம் எடுத்து வை. பிளேடில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தால் பயப்படாதே. இந்த லென்ஸ்களில் அபெர்ச்சரைக் கையால்தான் திருப்புகிறோம், ஸ்பிரிங் வேகத்தில் மூட வேண்டியதில்லை. பேரம் பேச அது போதும்.

கேட்கிற விலையைப் பார்க்காதே, உண்மையில் விற்றுப்போன விலையைப் பார். அதிலிருந்து சர்வீஸ் செலவைக் கழி. கழித்த பிறகும் வாங்கத் தோன்றினால் வாங்கு.

நீ விற்கும் நாள் வரும். அப்போது டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் விளம்பரத்தில் சேர். ஹேஸ் இருந்தால் ஹேஸ் என்று எழுது, இண்டஸ்டாரை இண்டஸ்டார் என்றே எழுது.

அன்புடன்,
அண்ணன்