கொழுந்துத் தராசும் கணினியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இலங்கையில் கந்தப்பளை முதலான மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவருக்கு முழுப்பேரா (முழுநாள் கூலியா) அரைப்பேரா (அரைநாள் கூலியா) என்பதை மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுக்கப்படும் எடை தீர்மானிப்பதால், மின்னணுத் தராசைக் கணினியோடு இணைக்கும் இடத்தில் மென்பொருளின் பிழை கூலியின் பிழையாகிவிடும். இத்தகைய தராசுகள் பலவும், 1960இல் அமெரிக்காவில் அறிமுகமான ஆர்எஸ்-232 நியமத்தைத் தழுவி, பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீரியல் போர்ட் வழியே எடையைத் தெரிவிக்கின்றன.

நம்பிக்கை: வரும் தரவு மிகச் சிறியது, அதைப் படிக்கத் தனி இழை தேவையில்லை.

உண்மை: இழை என்பது ஒரு நிரலுக்குள் தனித்து ஓடும் செயலோட்டம். 9600 பாட் வேகத்தில், ஓர் எழுத்துக்கு 10 பிட்டுகள் செலவாகும் வழக்கமான அமைப்பில், நொடிக்கு 960 எழுத்துகளே வரமுடியும். தராசு பேசாதிருந்தால் அதுவும் வராது. திரையைக் கவனிக்கும் இழையே அதற்காகக் காத்து நின்றால் சாளரம் உறைந்துவிடும். மைக்ரோசொப்டின் டொட்நெட் தளத்தில் வாசிப்புக்குக் காலவரம்பு குறிக்கப்படாவிட்டால், கேபிள் கழன்ற பின்னும் அந்தக் காத்திருப்பு முடிவதில்லை.

நம்பிக்கை: தரவு வந்ததென்ற அறிவிப்பு கிடைத்தால் முழு எடையும் வந்துவிட்டது.

உண்மை: சில பைட்டுகள் வந்துள்ளன என்பதற்கு மேல் அந்த அறிவிப்புக்குப் பொருளில்லை. தராசு அனுப்பிய 0012.40 என்பது முதலில் 001 என்றும் பிறகு 2.40 என்றும் இரு துண்டுகளாகக் கைக்கு வரலாம். துண்டையே எடையாகக் கொள்ளும் நிரல், பன்னிரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த கொழுந்தை இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகப் பதிந்துவிடும். வாசிக்கும் முன் நிரலைச் சற்று உறங்கவைப்பது தற்செயலை நம்புவதாகும்; வரிமுடிவுக் குறி வரும்வரை துண்டுகளைச் சேர்த்து வைப்பதே முறை.

நம்பிக்கை: படித்த இழையே எடையைத் திரையில் எழுதிவிடலாம்.

உண்மை: விண்டோஸ் சாளரத்தின் கட்டங்களை, அவற்றை உருவாக்கிய இழை மட்டுமே தொடவேண்டும், டொட்நெட்டில் தரவு அறிவிப்போ வேறோர் இழையில் எழுகிறது. ஆகவே எடையைத் திரை இழையிடம் ஒப்படைக்கவேண்டும். ஆனால் ஒப்படைத்த இழை பதிலுக்குக் காத்து நிற்க, அதே கணத்தில் திரை இழை போர்ட்டை மூடத் தொடங்கி, அறிவிப்பைக் கையாளும் வேலை முடியட்டும் என்று தானும் காத்து நின்றால், இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். முட்டுப்பூட்டு எனப்படும் இந்நிலையைத் தவிர்க்க, செய்தியை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திராமல் திரும்பும் அழைப்பையே பயன்படுத்தவேண்டும்.

நம்பிக்கை: இழைகளைக் கூட்டினால் வேகம் கூடும்.

உண்மை: கம்பி ஒன்றே ஆதலால் வேகம் கூடாது, ஒரே போர்ட்டை இரு இழைகள் படித்தால் ஒரு வரியின் எழுத்துகள் இரண்டுக்கும் பிரிந்து போகும். படிக்க ஓர் இழை, எடைகளைத் தாங்க ஒரு வரிசை, காட்ட ஓர் இழை என்பதே போதுமான அமைப்பு.

இத்தகைய மென்பொருளை ஏற்கும் தோட்ட நிர்வாகம், நிறுக்கும்போதே கேபிளைக் கழற்றியும் சாளரத்தை மூடியும் பார்த்த பின்னரே அதைக் கூலிக் கணக்கில் சேர்க்கவேண்டும்.