விண்டோஸை விரட்டாமல் லினக்ஸை வைத்துக்கொள்ளல்

இலங்கையின் துணுக்காய், மல்லாவிப் பகுதிகளில் என்னிடம் கொண்டுவரப்படும் மடிக்கணினிகள் பெரும்பாலும் ஒருவர் பாவித்து ஓய்ந்தபின் இன்னொருவர் கைக்கு வந்தவை. விண்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்று, விண்டோஸ் 11 அவற்றின் பழைய புரொசெசர்களை ஏற்க மறுத்துவிட்ட இந்நாளில், லினக்ஸை நாடுவது நியாயமே. ஆயினும், பழகிய மென்பொருள்களை விண்டோஸில் மாத்திரமே ஓட்டக்கூடியவர்கள் அதனை ஒரே நாளில் துறந்துவிடுதல் சாத்தியமன்று. ஆதலால் இரண்டு பணிசெயல் முறைமைகளையும் ஒரே வன்தட்டில் சமாதானமாக வாழவைப்பதே உத்தமம் என்பது என் அனுபவம்.

முதற் காரியம் நிறுவுதல் அன்று, பரீட்சித்தல். உபுண்டு, லினக்ஸ் மின்ட் முதலியவற்றை வன்தட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி துயில் கலைந்து எழுகிறதா என்று நிதானமாகப் பாருங்கள். இவற்றுள் அதிக உபத்திரவம் தருவது வைஃபை. 2023 இல் வெளிவந்த டெபியன் 12 முதல், வேண்டிய ஃபேர்ம்வெயர் நிறுவற் கோப்பிலேயே சேர்ந்து வருகிறது. எனினும் சில புரோட்கொம் சில்லுகளுக்கு அதுவும் போதாது. அப்பொழுது கைத்தொலைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து, அதன் இணையத்தைக் கொண்டு மிகுதியை இறக்கிக்கொள்வதே எளிய உபாயம்.

பரீட்சை திருப்தி தந்தபின், முக்கியமான கோப்புகளைப் புறத்தே பிரதிசெய்து, பிட்லொக்கர் இயங்குமாயின் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதிவைத்துக்கொண்டு, விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்ட் வாயிலாகவே அதன் பகுதியைச் சுருக்கி லினக்ஸுக்கு இடம் விடுங்கள். வயலுக்கு வரம்பு கட்டுவதுபோல், எல்லை தெளிவாயிருந்தால் பிணக்கு இல்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4 பகுதியை விண்டோஸ் இயல்பாக வாசிக்காது. ஆகவே இரண்டுக்கும் பொதுவான கோப்புகளை என்டிஎஃப்எஸ் பகுதியொன்றில் வையுங்கள்.

அப்பொதுப் பகுதியில் லினக்ஸிலிருந்து எழுத முடியவில்லை என்று வருவோர் பலர். காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்: அணைத்ததுபோற் காட்டினாலும் அது முறைமையை அரைத்துயிலிலேயே விட்டுவைப்பதால், கோப்புகள் சிதையாதிருக்கும்பொருட்டு லினக்ஸ் அப்பகுதியை வாசிக்க மாத்திரம் அனுமதிக்கிறது. பவர் ஒப்ஷன்ஸில் அதனை நிறுத்திவிட்டால் குறை தீரும்.

கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பின்வாங்குவது இன்னொரு முறைப்பாடு. வன்பொருட் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை எழுதிவைக்க, விண்டோஸ் அதையே இலங்கை நேரமென்று வாசித்துவிடுகிறது. உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸுக்கு ஒரு கட்டளை கொடுத்தாற் போதும். தொடக்கப் பட்டியலைக் காட்டும் கிரப் மென்பொருளில், 2021 இல் வந்த 2.06 பதிப்பு முதல், ஏனைய முறைமைகளைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக நிறுத்தப்பட்டிருப்பதால், தொடக்கப் பட்டியலில் விண்டோஸ் காணாமற் போனால் அஞ்சவேண்டியதில்லை. கிரப் அமைப்புக் கோப்பில் அதனை அனுமதித்துப் பட்டியலைப் புதுப்பித்தால் அது திரும்பிவரும்.

தமிழில் எழுத, எம்17என் என்னும் உள்ளீட்டுத் தொகுதியில் ரெங்கநாதன் விசைப்பலகை உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கடிதங்களை, அவ்வெழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவி லிப்ரே ஒஃபிஸில் வாசிக்கலாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நிலவிய நாட்டில் பற்றரி விடயத்தில் அலட்சியம் கூடாது: டிஎல்பி என்னும் மென்பொருளை நிறுவினால், விசேஷ அறிவேதுமின்றியே மின்செலவு குறையும். பெரிய இற்றைப்படுத்தல்களை இரவு நேர டேட்டாவிற்கு ஒதுக்குங்கள். பற்றரி இறங்கியிருக்கும் வேளையில் எவ்விதத்தும் ஆரம்பிக்காதீர்கள்.

சில மாதங்கள் இரண்டையும் பாவித்துப் பாருங்கள். விண்டோஸ் தேவையில்லை என்று உங்களுக்கே நிச்சயமானால், அதனை நீக்குவதற்கு அப்பொழுதும் நேரமுண்டு.