கணினியின் பதிவேடும் பொதுக்கோப்பும்

பல செய்நிரல்கள் ஒரே பணியைத் தனித்தனியே சுமவாது, டீ.எல்.எல். எனும் பொதுக்கோப்புகளினின்று பெறுகின்றன. அவற்றுட் சிலவற்றை, 1992இல் விண்டோஸ் 3.1உடன் தோன்றிய பதிவேட்டிற் பதிதல் வேண்டும். ‘ரெக்எஸ்விஆர் 32’ எனும் கட்டளை கோப்பினுள் அமைந்த பதிவுப்பணியை இயக்க, 128 பிட்டு அடையாள எண்ணும் கோப்பு இருக்குமிடமும் பதிவேட்டில் ஏறும். கோப்பு அங்குப் படியெடுக்கப்படுவதில்லை, முகவரியே எழுதப்படுகின்றது.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் குடிபெயர்ந்தவர்க்குப் பழைய முகவரியில் எழுதிய கடிதம் சேருமோ? அதுபோலவே கோப்பை இடம்பெயர்த்தால் செய்நிரல் அதனைக் காணாது. ஆதலின் முன்பதிவை நீக்கி, பெயர்த்தபின் மீண்டும் பதிதல் முறை.

மாணவர் மற்றொன்றும் உணர்தல் நன்று. பதியும்போது கோப்பினுள் உள்ள கட்டளைகள் இயங்குகின்றன. தீயோர் இவ்வழியே கணினியுட் புகுவதும் உண்டு. எனவே, வந்தவழி அறியாத கோப்பை நாம் ஒருபோதும் பதியலாகாது.