லதாவைக் கூட்டி வர முடியாது

லினக்ஸ் போட்டுக் கொடுத்த இடங்களிலிருந்து முதல் வாரத்தில் வரும் தொலைபேசி அழைப்பு வைரஸைப் பற்றியோ பிரிண்டரைப் பற்றியோ இருப்பதில்லை. "எழுத்து ஏன் சார் வேற மாதிரி தெரியுது?" என்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "என் பழைய லேப்டாப்புல அந்த ஃபான்ட் இருக்கு. பென்டிரைவ்ல எடுத்துட்டு வந்து போட்டுக்கவா?"

முதலாவது தொழில்நுட்பக் கேள்வி போலவும் இரண்டாவது சட்டக் கேள்வி போலவும் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒன்றுதான். லினக்ஸில் எழுத்துருவுக்காக நாம் செய்ய நேரும் ஒவ்வொரு சுற்றுவேலைக்கும் பின்னால் யாரோ எழுதிவைத்த உரிமம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சிறு அச்சகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் பள்ளி அலுவலகங்களுக்கும் டெபியனோ மின்ட்டோ அமைத்துத் தருவது என் வேலையின் ஒரு பகுதி. அதில் கற்றவற்றை இந்தக் கண்ணோட்டத்தில் சொன்னால்தான் கோவையாக வருகிறது.

கேள்வி பெரும்பாலும் லதா எழுத்துருவைப் பற்றியது. கல்லூரி வினாத்தாள், அலுவலகச் சுற்றறிக்கை, திருமண அழைப்பிதழ் என எந்தப் பழைய வேர்டு கோப்பைத் திறந்தாலும் லதா இருக்கும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் இயங்குதளத்தோடு கொடுத்துவந்த தமிழ் எழுத்துரு அது. பின்னர் விண்டோஸ் 7-உடன் விஜயாவும், 8-உடன் நிர்மலா யுஐயும் வந்தன. ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கும் பெண் கேட்டார்: "காப்பி பண்ணிப் போட்டா ஓடாதா சார்?"

"நல்லா ஓடும்மா. ஆனா விண்டோஸோட வந்த ஃபான்ட்ட விண்டோஸ்லதான் வச்சுக்கலாம்னு கையெழுத்துப் போடாமலே ஒத்துக்கிட்டிருக்கோம். காசு வாங்கிட்டு உங்க கம்ப்யூட்டர்ல நான் அதைப் போட்டுக் கொடுத்தா, அது விநியோகம்."

எழுத்துருவைப் படம் என்று நினைப்பதால்தான் இந்த வியப்பு. அது ஒரு மென்பொருள். வடிவங்களோடு, 'ட'வும் உகரக் குறியும் சேர்ந்தால் எந்த வடிவத்தை எடுக்க வேண்டும் என்ற விதிகளும் அதற்குள் இருக்கின்றன. லினக்ஸில் அந்த விதிகளைப் படித்து எழுத்துகளை அடுக்குவது ஹார்ஃப்பஸ் என்னும் நூலகம். மென்பொருளுக்குப் பொருந்தும் பதிப்புரிமை எழுத்துருக் கோப்புக்கும் பொருந்துகிறது. லதாவில் அச்சிட்ட வினாத்தாளுக்கோ பிடிஎஃபுக்கோ இதனால் சிக்கல் ஒன்றுமில்லை. கோப்பை வேறு கணினிக்குத் தூக்கிக்கொண்டு போவதில்தான் சிக்கல்.

இணையத்தில் தேடியவர்கள் இங்கே குறுக்கிட்டு, "மைக்ரோசாஃப்ட் ஃபான்ட் போட ஒரு பேக்கேஜ் இருக்காமே?" என்பார்கள். இருக்கிறது. 1996-இல் மைக்ரோசாஃப்ட் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், வெர்டானா, ஜார்ஜியா போன்றவற்றை வலைப்பக்கங்களுக்காக எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. 2002-இல் அந்தத் திட்டத்தை நிறுத்திக்கொண்டது. ஆனால் முதலில் கொடுத்த உரிமம் அப்படியே நிற்கிறது: கோப்பை மாற்றாமல், பிரிக்காமல், பழைய பொதியாகவே பகிரலாம். அதனால்தான் டெபியன் தரும் பேக்கேஜுக்குள் எழுத்துரு கிடையாது. வெளியே ஓரிடத்திலிருந்து பழைய விண்டோஸ் நிறுவிக் கோப்புகளை இறக்கி, உங்கள் கணினியிலேயே பிரித்துப் போடும் சிறு நிரல்தான் உள்ளே இருக்கிறது. முழுக்கச் சுதந்திரமான மெயின் பிரிவில் இடம் கிடைக்காமல் அது கான்ட்ரிப் பிரிவில் இருப்பதற்கும் காரணம் இதுவே. நிறுவும்போது டெர்மினலில் ஒரு ஒப்பந்தத் திரை வந்து நிற்கும். அங்கே எலி வேலை செய்யாது. டேப் விசையை அழுத்தி ஓகே-க்குப் போய் என்டர் தட்ட வேண்டும். கணினி உறைந்துவிட்டது என்று சுவிட்சை அணைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகு தெரிய வருவது, அந்தத் தொகுப்பில் தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லை என்பது. தமிழ் வேலை மட்டும் செய்பவருக்கு நான் அதை நிறுவுவதே இல்லை.

ஆங்கிலத்துக்கு அது தேவையும் இல்லை. 2007-இல் ரெட் ஹாட் வெளியிட்ட லிபரேஷன் எழுத்துருக்களில் ஒவ்வோர் எழுத்தின் அகலமும் ஏரியல், டைம்ஸ், கூரியர் நியூ ஆகியவற்றின் அகலத்துக்குச் சரியாக இருக்கும். வடிவம் வேறு, அளவு அதே. எனவே வரி உடையாது, பக்கம் தாவாது. கலிப்ரிக்குக் கார்லிட்டோவும் கேம்ப்ரியாவுக்குக் கலடேயாவும் அதே வேலையைச் செய்கின்றன. லதாவுக்கு அப்படி அளவொத்த மாற்று எதையும் நான் பார்த்ததில்லை. ஆங்கிலக் கடிதம் லினக்ஸில் அப்படியே திறக்க, தமிழ் வினாத்தாளில் மட்டும் ஒன்பதாம் கேள்வி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது இதனால்தான். லினக்ஸுக்குத் தமிழ் வராது என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

லதா இல்லாதபோது கணினி எதை எடுக்கிறது என்பதை ஃபான்ட்கான்ஃபிக் முடிவு செய்கிறது. எஃப்சி-மேட்ச் என்ற கட்டளையோடு லதாவின் பெயரைக் கொடுத்தால், மாற்றாக வரப்போகும் எழுத்துருவின் பெயரைச் சொல்லிவிடும். தமிழுக்கென எதுவும் நிறுவாத கணினியில் எதிர்பாராத பெயர்கள் வரும். எடுத்துக்காட்டாக, குனு ஃப்ரீஃபான்ட் தொகுப்பின் ஃப்ரீசெரிஃபிலும் தமிழ் எழுத்துகள் உண்டு. நாம் கேட்காமலே அது முன்னால் வந்து நிற்கக்கூடும். இதைத் தற்செயலுக்கு விடாமல், பயனரின் கான்ஃபிக் அடைவில் ஃபான்ட்கான்ஃபிக்குக்கு உரிய கோப்பில் 'லதா கேட்டால் நோட்டோ சான்ஸ் தமிழைக் கொடு' என்று எழுதிவிடுங்கள். நாலைந்து வரிதான். கோப்பைத் தொடத் தயங்குபவர்களுக்கு லிப்ரெஆபிஸ் விருப்பங்களிலேயே எழுத்துரு மாற்று அட்டவணை இருக்கிறது. அது லிப்ரெஆபிஸுக்குள் மட்டும் செல்லும்.

லிப்ரெஆபிஸில் இன்னொரு பொறி உண்டு. தமிழை அது சிக்கலான எழுத்தமைப்பு என்ற வகையில், சுருக்கமாக சிடிஎல் என்ற தலைப்பில் வைத்திருக்கிறது. பாணியில் எழுத்துருவை மாற்றியும் தமிழ் அசையவில்லை என்றால், நீங்கள் மாற்றியது மேற்கத்திய எழுத்துக்கான பெட்டியை. மொழி அமைப்புகளில் சிடிஎல்-ஐ இயக்கி, அதற்கான இயல்பு எழுத்துருவைத் தனியாகக் கொடுக்க வேண்டும். எனக்கு வரும் 'ஃபான்ட் பிரச்சினை'களில் பெரும்பகுதி இந்த ஒரு பெட்டியோடு தீர்ந்துபோகிறது.

இவையெல்லாம் ஒட்டுப்போடும் வேலைகள். நான் விரும்பும் வழி இதற்கு நேர் எதிர். விண்டோஸ் எழுத்துருவை லினக்ஸுக்கு இழுப்பதை விட்டு, சுதந்திர எழுத்துருவை விண்டோஸுக்கு அனுப்புங்கள். நோட்டோ செரிஃப் தமிழை அச்சகத்திலும், எழுத்தாளர் வீட்டு விண்டோஸிலும், மெய்ப்புத் திருத்துபவரின் மேக்கிலும் நிறுவலாம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எல்லோரிடமும் ஒரே கோப்பு இருந்தால் வரி தாவுவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. லோகித் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர், கட்டமரன், பவனம், ஹிந்த் மதுரை, டிரோ தமிழ் என்று இன்று தேர்ந்தெடுக்க நிறைய இருக்கின்றன. நூலின் உடல் எழுத்துக்கு நான் செரிஃப் வகையையே சொல்வேன். சான்ஸில் அச்சான நாவலை என் கண் இருபது பக்கத்துக்கு மேல் தாங்குவதில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்கள் வேண்டும் என்று கேட்கும் பழைய நூல் பதிப்பாளர்களுக்கு லோகித் தமிழ் கிளாசிக்கல் இருக்கிறது. உரையில் ஓர் எழுத்தையும் தொடாமல் எழுத்துருவை மட்டும் மாற்றினால் போதும்.

புதிய எழுத்துருவை ஏற்கும் முன் ஒரே வரியில் சோதிக்கிறேன்: ஸ்ரீ, க்ஷ, கௌ, டீ, லூ, ஃபோ, ௹, ₹. பாதி எழுத்துருக்கள் ஸ்ரீயில் திணறும். அதற்கு ஸகரத்தில் தொடங்கும் பழைய குறிமுறையும், 2005-இல் யூனிகோடுக்குள் வந்த ஶகரத்தில் தொடங்கும் முறையும் என இரண்டு உண்டு. சில எழுத்துருக்களுக்கு ஒன்றுதான் தெரியும்.

நிறுவுவது எளிது. ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய வீட்டு அடைவுக்குள் மறைந்திருக்கும் லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ் என்ற வரிசையில் போய்ப் போடலாம். எல்லோருக்கும் என்றால் யூஎஸ்ஆர் அடைவின் லோக்கல் பகுதியில். அதே யூஎஸ்ஆரில் லோக்கல் இல்லாத ஷேர் அடைவு பொதி மேலாளருக்கு உரியது, அங்கே கை வைக்காதீர்கள். ஒரே எழுத்துருவைப் பொதியாகவும் தரவிறக்கிய கோப்பாகவும் இரண்டு முறை போட்டால் தடித்த எழுத்து விசித்திரமாக நடந்துகொள்ளும். தரவிறக்கிய பொட்டலத்தில் மாறுபடு எழுத்துரு ஒன்றும், 'ஸ்டாட்டிக்' என்ற அடைவில் தனித்தனிக் கோப்புகளும் இருந்தால் தனிக் கோப்புகளையே எடுங்கள். லிப்ரெஆபிஸ் 7.5-க்கு முந்தைய பதிப்புகளில் மாறுபடு எழுத்துருவைப் பிடிஎஃபாக்குவது தலைவலி. டெர்மினலில் தமிழ் சரியாகத் தெரியவில்லை என்று வருந்துபவர்களுக்கு: அது எழுத்துருவின் குற்றம் இல்லை, விட்டுவிடுங்கள்.

பாமினி என்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் வேறு கதை. லினக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் வரிசைகட்டி நிற்கும். உடனே எல்லோரும் பாமினியைத் தேடி ஓடுகிறார்கள். தளத்துக்குத் தளம் கிடைக்கும் அந்த மாதிரிப் பழைய எழுத்துருக்களில் பலவற்றோடு உரிமக் கோப்பே இருக்காது. உரிமம் இல்லை என்றால் ஊர்ச்சொத்து என்று அர்த்தமில்லை. யாரும் உங்களுக்கு அனுமதி கொடுக்கவில்லை என்று அர்த்தம். இங்கே எழுத்துருவே தேவையில்லை, உரைதானே நமக்கு வேண்டும்? எம்ஐடி உரிமத்தில் கிடைக்கும் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் பல பழைய குறிமுறைகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும். 2010-இல் தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்று ஆணையிட்டாயிற்று. இன்னும் பாமினியிலேயே புதுக் கோப்பைத் தொடங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

மாற்றிய பிறகு மெய்ப்பு பார்க்காமல் விடாதீர்கள். பழைய தட்டச்சில் 'ர்' போடாமல் துணைக்காலின் மேல் புள்ளி வைத்திருப்பார்கள். அது மாறாமல் அப்படியே வரும். 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் வந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் இடம் மாறிப் போகும். தேடி மாற்றும் வசதியில் இந்த இரண்டையும் முதலில் முடித்துவிட்டால் மீதி வேலை பாதியாகும்.

உரிமத்தைப் படிப்பது என்றால் வக்கீல் வேலை என்று பயப்பட வேண்டாம். சுதந்திரத் தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவை எஸ்ஐஎல் அமைப்பின் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருகின்றன. நடப்புப் பதிப்பான 1.1 வந்தது 2007-இல். இரண்டு பக்கம்கூட இருக்காது. பயன்படுத்தலாம், பகிரலாம், திருத்தலாம், விற்கும் மென்பொருளோடு சேர்த்தும் தரலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. உரிமக் கோப்பு கூடவே போக வேண்டும். அந்த எழுத்துருவில் நீங்கள் அச்சிட்ட நூலுக்கு இந்த உரிமம் ஒட்டிக்கொள்ளாது. ஃப்ரீசெரிஃப் போல ஜிபிஎல் உரிமத்தில் வரும் எழுத்துருவானால், ஆவணத்தில் பதிப்பதற்கான விதிவிலக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால், எழுத்துருவைப் பதித்ததாலேயே உங்கள் பிடிஎஃப் ஜிபிஎல்லுக்குள் போய்விடாது.

கவனிக்க வேண்டியது 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற வகை. காசு கேட்க மாட்டார்கள், ஆனால் அதில் புத்தக அட்டை போட்டால் வணிகப் பயன்பாடு. விலை கொடுத்து வாங்கிய எழுத்துருவிலும் அச்சுக்கு ஒரு உரிமம், மின்னூலுக்கு ஒன்று, வலைத்தளத்துக்கு ஒன்று என்று பிரித்திருப்பது வழக்கம். அச்சு நூலுக்கு வாங்கியதை அப்படியே ஈபப் கோப்புக்குள் பதித்துவிடுகிறார்கள் பதிப்பாளர்கள். எழுத்துருக் கோப்புக்குள்ளேயே பதிப்பதற்கான அனுமதிக் குறி ஒன்று உண்டு; ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்து ஓஎஸ்/2 தகவலில் பார்க்கலாம். அந்தக் குறி அனுமதித்தாலும் உரிமம் தடுத்தால் உரிமம் சொல்வதே முடிவு.

ஓப்பன் ஃபான்ட் உரிமம் தரும் திருத்தும் உரிமை எனக்குப் பயன்பட்டதும் உண்டு. நிலக் கணக்குகளைப் பற்றிய நூல் ஒன்றுக்குப் பழைய பின்னக் குறிகள் தேவைப்பட்டன. முந்திரி முதலான பின்னங்களும் பிற குறிகளுமாக 51 வடிவங்கள் 2019-இல் யூனிகோடு 12.0-இல் இடம்பெற்றுவிட்டன. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் அவற்றைக் காட்டும். ஆனால் ஆசிரியருக்கு உடல் எழுத்தோடு இழையும் செரிஃப் வடிவம்தான் வேண்டும். ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் இருந்த ஒரு செரிஃப் எழுத்துருவைத் திறந்து, தேவையான குறிகளை மட்டும் வரைந்து சேர்த்தோம். மூல ஆசிரியர் எழுத்துருவின் பெயரை ஒதுக்கிவைத்திருந்தார், ஆகவே எங்கள் திருத்தத்துக்கு வேறு பெயர் வைத்தோம். உரிமம் அதேதான், மாற்ற முடியாது. அச்சகத்துக்குக் கொடுத்தபோது உரிமக் கோப்பையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தோம். இப்படிச் செய்பவர்கள் பழைய பெயரிலுள்ள கோப்பைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டு, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டிய பிறகு லிப்ரெஆபிஸ் ரைட்டரைத் திறக்க வேண்டும். ஏற்கெனவே திறந்து கிடக்கும் ரைட்டரில் புது எழுத்துரு தெரியாமல் போகலாம்.