பெரும்பாடு: பஞ்சாயத்து அறிய வேண்டிய ஒரு நோய்

கிராம முன்னேற்றம் என்றதும் சாலை, கிணறு, பள்ளிக்கூடம், விதை, உரம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றைப் பயன்படுத்தி வாழ வேண்டிய மக்களின் உடல் வலிமை நினைவுக்கு வருவது அரிது. அதிலும், பெண்களுக்கே உரிய நோய்களைப் பற்றிப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேசுவது முறையன்று எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் களையெடுப்பவரும், பருத்தி பறிப்பவரும், வீட்டுக்கு நீர் சுமப்பவரும் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் இரத்தம் குன்றித் தளர்ந்திருக்கும் ஊரில் வேளாண்மை எவ்வாறு செழிக்கும்? ஆகவே, மாதவிடாயின்போது அளவுக்கு மீறி இரத்தம் போகும் நோயைப் பற்றியும், அதைத் தீர்க்கும் வழிகளைப் பற்றியும், அதில் பஞ்சாயத்தின் பங்கைப் பற்றியும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம். இந்நோயை நம் முன்னோர் பெரும்பாடு என்று அழைத்தனர்.

கரிசல் பூமியும் பெண்களின் உழைப்பும்

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து, 2019 நவம்பர் 22-இல் தென்காசி மாவட்டம் உருவாயிற்று. அதன் மேற்கு எல்லையில் மலையும் குற்றாலச் சாரலும் உண்டு. கிழக்கே அமைந்த திருவேங்கடம் வட்டாரமோ மழையை நம்பிய கரிசல் பூமி. உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, மக்காச்சோளம் ஆகியவை இங்கு விளைகின்றன. மழை பெய்து பயிர் முளைத்ததும் களையெடுப்பைத் தள்ளிப்போட இயலாது. வெடித்த பருத்தியும் ஆளுக்காகக் காத்திராது. வெயிலில் குனிந்து செய்யும் இவ்வேலைகளின் நடுவே ஒரு பெண்ணுக்கு உதிரப்போக்கு மிகுந்தால், துணி மாற்றவும் மறைவிடம் இராது. வேலையை விட்டால் அன்றைய கூலி போய்விடும். எனவே அவர் வாய் திறவாமல் வேலையைத் தொடர்கிறார். மாதந்தோறும் இவ்வாறே நிகழ, ‘பெண்ணாய்ப் பிறந்தவர் பொறுக்கத்தான் வேண்டும்’ என்ற எண்ணம் வேரூன்றி விடுகிறது.

இவ்வாறு மறைக்கப்படும் நோய் எவ்வளவு என்பதை மராட்டிய மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டிற்று. அங்குள்ள கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் ராணி பங் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தனர். அதன் முடிவு 1989-இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 92 பேரிடம் பெண்களுக்குரிய நோய் ஒன்றேனும் இருந்தது. ஆயினும், அதற்கு முன் இத்தகைய பரிசோதனைக்கு உட்பட்டிருந்தவர் நூற்றுக்கு 8 பேர் மட்டுமே. நோய் இல்லாததனால் அல்ல, கேட்பார் இல்லாததனாலேயே இப்பெண்கள் பேசாதிருந்தனர் என்பது இதனால் விளங்குகிறது.

எது மிகுதி?

மாதவிடாய் நோயன்று; உடலின் இயல்பு. அது பொதுவாக ஏழு நாட்களுக்குள் முடியும். ஒரு முறைக்குச் சராசரியாக 30 முதல் 40 மில்லி லிட்டர் இரத்தம் வெளியேறும். 80 மில்லி லிட்டரைக் கடந்தால் அது மிகுதி என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. வீட்டில் அளந்து பார்க்க இயலாதாகையால், கீழ்க்காணும் குறிகளைக் கொண்டு அறியலாம்:

1. ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை துணியோ பஞ்சுப்பட்டையோ முழுதும் நனைந்து மாற்ற வேண்டியிருத்தல்.
2. உதிரப்போக்கு ஏழு நாட்களுக்கு மேலும் நீடித்தல்.
3. ஓர் அங்குல அகலத்துக்கு மேற்பட்ட கட்டிகளாக இரத்தம் வெளியேறுதல்.
4. இரவில் எழுந்து துணி மாற்ற வேண்டியிருத்தல். அதனால் வழக்கமான வேலைகள் தடைப்படுதல்.
5. சிறிது தூரம் நடந்தாலும் மூச்சு வாங்குதல், தலைசுற்றல், படபடப்பு, முகமும் நாக்கும் வெளிறுதல்.

இவற்றுள் ஒன்று மாதந்தோறும் காணப்பட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். மணிக்கொரு துணியாகத் தொடர்ந்து நனைந்தாலோ, மயக்கம் வந்தாலோ, கருவுற்றிருக்கையில் இரத்தம் கண்டாலோ காத்திருத்தல் ஆகாது. உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும்.

வரத்தும் செலவும்

கண்மாய்க்கு வரத்துக் குறைந்து, மடை வழியே போக்கு மிகுந்தால், சில நாட்களில் தரை தெரியும். உடலிலுள்ள இரும்புச் சத்தின் நிலையும் இதுவே. ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உள்ளது. மாதம் 120 மில்லி லிட்டர் இரத்தத்தை இழக்கும் பெண் 60 மில்லிகிராம் இரும்பை இழக்கிறார். நாளொன்றுக்கு 2 மில்லிகிராம். இதனுடன் உடலிலிருந்து இயல்பாகக் கழியும் 1 மில்லிகிராமையும் சேர்த்தால் நாட்செலவு 3 மில்லிகிராம். நம் தானிய உணவிலிருந்து உடல் ஏற்கும் இரும்போ பெரும்பாலும் 1 அல்லது 2 மில்லிகிராமே. செலவு வரத்தை மிஞ்சுகிறது, சேமிப்புக் கரைகிறது, இரத்தசோகை பிறக்கிறது.

2019–21-இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை உண்டு. அதாவது, ஊரில் பாதிப் பெண்களுக்கு மேல் இக்குறையுடனேயே உழைக்கின்றனர். கருவுறாத பெண்ணின் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையலாகாது. 8 கிராமுக்குக் கீழ் வந்தால் அது கடுமையான இரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில துளி இரத்தத்தைக் கொண்டு இதனை அறிந்து கொள்ளலாம்.

முருங்கைக்கீரை, கம்பு, பயறு வகைகள், ஈரல் முதலியன உதவும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் இரும்பை உடல் ஏற்கத் துணை செய்யும். உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைப்படும். எனினும், இரத்தசோகை வந்தபின் உணவு மட்டும் போதாது. இரும்புச் சத்து மாத்திரையும் வேண்டும். மாத்திரை உண்ணும்போது மலம் கறுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. இரத்தம் தேறிய பிறகும் மருத்துவர் கூறும் காலம் வரை நிறுத்தலாகாது.

காரணங்கள் பல

பெரும்பாட்டுக்கு ஒரே காரணம் என்பதில்லை. கர்ப்பப்பையில் தோன்றும் தசைக்கட்டி நடுத்தர வயதில் மிகுதியாகக் காணப்படுவது. இது பெரும்பாலும் புற்றுநோய் அன்று. மாதவிடாய் நின்றபின் பொதுவாகச் சுருங்கிவிடும். கர்ப்பப்பையின் உள்தோலில் சிறு சதை வளர்தல், கருமுட்டை ஒழுங்காக வெளிப்படாமை, தைராய்டு சுரப்பியின் குறை, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வைத்த செம்புச் சாதனம் ஆகியவையும் காரணமாகலாம். பூப்பெய்திய காலத்திலிருந்தே உதிரம் கடுமையாகப் போகும் சிறுமிக்கு, இரத்தம் உறைவதில் பிறவிக் குறை உண்டா என்று பார்க்க வேண்டும். மாதவிடாய் முற்றும் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும், உடலுறவுக்குப்பின் இரத்தம் கண்டாலும், புற்றுநோய் இல்லை என்பதைப் பரிசோதித்து உறுதி செய்தல் அவசியம்.

காரணத்தை அறிந்தால் மருந்து உண்டு. உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை ஜப்பானிய மருத்துவ அம்மையார் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962-இல் கண்டறிந்து உலகுக்கு அளித்தனர். விடாய் நாட்களில் மட்டும் உண்ணும் இம்மாத்திரை பலருக்குப் பயன் தருகிறது. வலியையும் போக்கையும் ஒருங்கே தணிக்கும் மாத்திரைகளும், ஹார்மோன் மாத்திரைகளும், கர்ப்பப்பையினுள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் உள்ளன. ஆனால் எல்லா மருந்தும் எல்லாருக்கும் ஆகாது. எடுத்துக்காட்டாக, இரத்தக் குழாயில் முன்பு உறைவு ஏற்பட்டவருக்கு டிரானெக்சாமிக் அமிலம் தீங்கு செய்யும். ஆகையால் பெயர் தெரியாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்கி உண்ணுதல் கூடாது. மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

கர்ப்பப்பையை அகற்றுதல் கடைசி வழி

‘பிள்ளை பெற்றாயிற்று, இனிக் கர்ப்பப்பை எதற்கு? எடுத்துவிட்டால் தொல்லை தீரும்’ என்று கூறுவோர் உளர். இவ்வெண்ணம் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கு மராட்டியத்தின் பீட் மாவட்டம் சான்று. அங்கிருந்து கரும்பு வெட்டச் செல்லும் பெண்கள், வேலைக்கு வராத நாளுக்கு ஒப்பந்தக்காரர் தண்டத் தொகை பிடிப்பதை அஞ்சி, இளம் வயதிலேயே கர்ப்பப்பையை அகற்றிக்கொண்டனர் என்ற செய்தி 2019-இல் வெளியாயிற்று. அரசு அமைத்த குழு விசாரித்தபோது, அம்மாவட்டத்தில் 13,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு அவ்வறுவை நடந்திருந்தது தெரிய வந்தது. தேவையற்ற இத்தகைய அறுவைகளைத் தடுக்கும் மத்திய அரசின் நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் கைக்கொள்ள வேண்டுமென்று 2023-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

புற்றுநோய்க்கும், மருந்துக்குக் கட்டுப்படாத கடும் போக்குக்கும் இவ்வறுவை உயிர் காப்பதே; அதில் ஐயமில்லை. ஆனால் மருந்தையே முயன்று பாராமல் அறுவைக்கு விரைதல் தவறு. கர்ப்பப்பையுடன் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், முதுமைக்குரிய எலும்புத் தேய்வு இளமையிலேயே தொடங்கும். உழைத்துப் பிழைப்பவருக்கு இது பேரிழப்பு. அறுவை வேண்டும் என்று ஒருவர் கூறினால், அரசு மருத்துவமனையில் இரண்டாம் மருத்துவர் ஒருவரின் கருத்தையும் கேட்டபின்னரே முடிவு செய்க.

முன்கூட்டிப் பரிசோதித்தலின் பயன்

இரத்தப்போக்குக்குக் காரணமாகும் நோய்களுள் கொடியது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இது திடீரென்று வருவதன்று. பல ஆண்டுகள் முன்னறிகுறியாக நின்று பின்னரே முற்றும். 2000-இல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்காக ஓர் ஆய்வு தொடங்கிற்று. பயிற்சி பெற்ற செவிலியர், கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று கண்ணால் நோக்கினர். பரிசோதனை ஏற்பாடு செய்யப்பட்ட ஊர்களில் அப்புற்றுநோயால் நேரும் மரணம், மற்ற ஊர்களைக் காட்டிலும் நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது என்று 2007-இல் முடிவு வெளியாயிற்று. விலையுயர்ந்த இயந்திரம் ஒன்றும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. பெண்கள் முன்வந்தனர், செவிலியர் இருந்தனர், அவ்வளவே. நம் அரசு மருத்துவ நிலையங்களிலும் 30 வயதைக் கடந்த பெண்கள் இப்பரிசோதனையைக் கட்டணமின்றிப் பெறலாம்.

பஞ்சாயத்தின் கடமைகள்

பஞ்சாயத்து உறுப்பினர்கள் மருத்துவர் ஆக வேண்டியதில்லை. வழியிலுள்ள தடைகளை அகற்றினாலே போதும். நாம் பரிந்துரைப்பவை இவை:

முதலாவதாக, களையெடுப்புக் காலம் தொடங்குமுன், கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு பெண்களுக்கெனத் தனிக்கூட்டம் ஒன்று நடத்தி, அங்கேயே அனைவருக்கும் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்க ஏற்பாடு செய்க. ஒருவருடைய முடிவு மற்றவருக்குத் தெரியலாகாது.

இரண்டாவதாக, பள்ளியிலும் பொது இடங்களிலும் பெண்களின் கழிப்பிடத்தில் நீரும், உள்தாழ்ப்பாளும், பயன்படுத்திய துணியை அகற்ற மூடியுள்ள தொட்டியும் உள்ளனவா என்று மாதந்தோறும் பார்வையிடுக. கிராமத்துச் சிறுமியர்க்குப் பஞ்சுப்பட்டை வழங்கும் புதுயுகம் திட்டம் 2012-இல் தொடங்கிற்று. அது உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். வளரிளம் பெண்களுக்குரிய வாராந்தர இரும்புச் சத்து மாத்திரையும், ஆண்டுக்கு இருமுறை தரப்படும் குடற்புழு மாத்திரையும் தவறாமல் சேர வேண்டும்.

மூன்றாவதாக, நிலமுடையோர் வேலை செய்யும் இடத்தில் குடிநீரும் நிழலும் ஒரு மறைப்பும் அமைப்பாராக. நான்கு பக்கம் சாக்குக் கட்டினாலும் மறைப்பாகும். உடல் நலமின்றி ஒருவர் அரை நாள் அமர்ந்தால் அதற்காக அவரை மறுநாள் வேலைக்குக் கூப்பிடாதிருத்தல் நியாயமன்று.

நான்காவதாக, விலக்கு நாட்களில் திண்ணையிலோ தொழுவத்திலோ பெண்களை ஒதுக்கி வைக்கும் வழக்கம் இன்னும் எங்கேனும் இருப்பின், அதை நீக்கப் பெரியோர் முன்வர வேண்டும். உதிரம் தீட்டன்று. அந்நாட்களில்தான் நல்ல உணவும் ஓய்வும் மிகுதியாகத் தேவை.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. சுவரில் தொங்கும் நாட்காட்டியில், விடாய் தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் குறித்து வைக்கும்படி வீட்டிலுள்ள பெண்களிடம் கூறுங்கள். மூன்று மாதக் குறிப்பு மருத்துவருக்குப் பெருந்துணை. மாடு தீவனம் எடுக்கவில்லை என்றால் அன்றே கால்நடை மருத்துவரை நாடுகிறோம். மனைவியோ மகளோ முகம் வெளிறி நிற்கும்போது அடுத்த அறுவடை வரை பொறுத்திருப்பது தகுமா? அவருடன் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனை வரை சென்று வர ஒரு பகல் போதும். அந்த ஒரு பகலைத் தர ஒவ்வொரு வீட்டாரும், அதற்கு வழி செய்து கொடுக்க ஒவ்வொரு பஞ்சாயத்தும் உறுதி கொள்வோமாக.