39 பெயர்களும் விடுபட்ட ஒரு பெயரும்

எங்கள் மாணவர்களின் பெற்றோர் பலர் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு யாரை எந்த நேரத்தில் அழைப்பது? பன்னிரண்டாம் வகுப்பில் தரவுத்தளப் பாடம் முடிந்ததும் இதையே செயல்பாடாகக் கொடுத்தேன்.

மாணவர்களுக்குப் பைத்தான் தெரியும் என்பதால் ஜாங்கோவைப் பயன்படுத்தினோம். அமெரிக்காவில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் உருவாகி, 2005இல் திறந்த மூல மென்பொருளாக வெளியானது இது. அட்டவணையைப் பைத்தான் கிளாஸாக எழுதிவிட்டால், நாம் கேட்பதை அதுவே எஸ்.க்யூ.எல். வினவலாக மாற்றிக்கொள்ளும்.

மாணவர், காப்பாளர் என இரண்டு அட்டவணைகள். மாணவர் அட்டவணையில் உள்ள காப்பாளர் எண்தான் அயல் திறவுகோல். ஷிப்ட் விவரம் காப்பாளர் அட்டவணையில் இருக்கிறது.

முதலில் 40 மாணவர்களின் பெயரையும் காப்பாளரின் ஷிப்டையும் வலைப்பக்கத்தில் காட்டினோம். மாணவர் பட்டியலுக்கு ஒரு வினவல், ஒவ்வொரு காப்பாளருக்கும் ஒன்று. ஆக 41 வர வேண்டும். 40தான் ஓடியிருந்தது. எண்ணியதில் பிழை என்று விட்டுவிட்டேன். பிறகு ‘செலக்ட் ரிலேட்டட்’ சேர்த்தோம். இரண்டு அட்டவணைகளும் இணைந்து, ஒரே வினவலில் அத்தனையும் வந்தன. வகுப்பே கைதட்டியது.

அடுத்து ‘ஃபில்டர்’ கொண்டு முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், நைட் ஷிப்ட் என மூன்று பட்டியல்கள் எடுத்தோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: “சார், எதுலயும் என் பேர் இல்லையே?”

மூன்றையும் கூட்டினால் 39. அவன் பெற்றோர் சொந்த ஊரில் இருக்க, இங்கே அண்ணனுடன் வாடகை அறையில் தங்கிப் படிக்கிறான். அவனது காப்பாளர் எண் வெற்று மதிப்பாக இருந்தது. அதனால்தான் முதலில் ஒரு வினவல் குறைந்தது. ‘செலக்ட் ரிலேட்டட்’ இடது வெளி இணைப்பாக இயங்கியதால் அவன் பெயரை விடவில்லை. ஷிப்ட் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. காப்பாளரின் ஷிப்டை வைத்து வடிகட்டியபோது உள் இணைப்பு ஏற்பட்டு, காப்பாளர் பதிவு இல்லாத அவன் நின்றுபோனான். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

‘இஸ்நல்’ நிபந்தனையால் காப்பாளர் இல்லாதோருக்கு நான்காவது பட்டியல் எடுத்தோம். அவன் அண்ணனைக் காப்பாளராகப் பதிந்து, கூட்டத்துக்கும் அழைத்தோம்.

இப்போது எந்தப் பட்டியல் எடுத்தாலும் மாணவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: எத்தனை வினவல்கள் ஓடின? பட்டியல்களின் கூட்டுத்தொகை வருகைப்பதிவேட்டு எண்ணிக்கையோடு பொருந்துகிறதா? முதல் கேள்வி கணினியின் நேரத்தைக் காக்கும். இரண்டாவது, ஒரு பிள்ளை விடுபடாமல் காக்கும்.