செம்பருத்தியும் எறும்பும்

பூசைக்கென்று வாசலில் செம்பருத்தி வளர்க்கும் அன்பர்கள் பலர். அதில் வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சி கண்டதும் நஞ்சு மருந்து வாங்க ஓடுகிறோம். நானும் ஒருமுறை அடித்தேன். அதைத் தின்ன வந்த பொறிவண்டுகளும் சேர்ந்து மாண்டன. சில வாரங்களில் பூச்சி மட்டும் முன்னிலும் பெருகித் திரும்பியது. அப்பூவைச் சுவாமிக்குச் சாத்தவும் மனம் ஒப்பவில்லை.

பிறகுதான் தண்டில் ஏறும் எறும்புகளைக் கவனித்தேன். மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிக்கிறது. அதை உண்ணும் எறும்பு, பொறிவண்டை விரட்டிப் பூச்சிக்குக் காவல் நிற்கிறது. (வகுப்பில் எறும்பின் உழைப்பை எத்தனை முறை புகழ்ந்திருப்பேன்!) ஆகவே முதலில் எறும்பின் வழியை அடையுங்கள். சுவரைத் தொடும் கிளைகளை வெட்டி, அடித்தண்டில் துணி சுற்றி அதன்மேல் வேஸ்லின் பூசுங்கள். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைப்பாரும் உண்டு. நம் ஊரில் அது ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகி அபராதத்தில் முடியும்.

பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். 1 லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்பு நீரும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை போதும்.

சிலவகைப் பொறிவண்டின் புழுவும் வெண்பஞ்சு போர்த்தி மாவுப்பூச்சி போலவே தோன்றும். ஆனால் சுறுசுறுப்பாக நடக்கும். அதை நசுக்கிவிடாதீர்கள்.